காஜூ பாலத்தடியில் ஒரு சாயங்காலம்: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

ஆற்றோரன்
ஈரானில் இருக்கும் இஸ்ஃபஹான் போய் வந்து ஆறு மாதம் ஆகிறது, அந்தச் சாயங்காலம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. காஜூ என்பது அந்த ஊரில் ஜாயந்தே ரூத் ஆற்றின் மேல் இருக்கும் பழைய இரண்டடுக்கு வளைவுப் பாலம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜாயந்தே ரூத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்துக் கிடந்த ஆற்றுப் படுகையில் ஒரு பையன் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தான். கீழ்த்தளத்து வளைவு ஒன்றில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், ஒரு கையைக் காதோரம் வைத்துப் பாட ஆரம்பித்தார். பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. செங்கல் வளைவு அந்தக் குரலை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. பக்கத்து வளைவுகளில் நின்றவர்கள் அடி முடியும்போதெல்லாம் “ஆஃபரின்”, அதாவது சபாஷ், என்றார்கள். முடித்ததும் என்னிடம் வந்து, கூட இருந்த இளைஞன் மூலமாக, “தண்ணீர் ஓடும்போது வந்திருக்கிறாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன். ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

வைகைக்கரை
ஆற்றோரன், கோபிக்காதீர்கள். வறண்ட காஜூவைப் பார்த்தது பாதி பார்த்த மாதிரிதான். அது வெறும் பாலமா? 1650 வாக்கில் பாரசீக மன்னர் இரண்டாம் ஷா அப்பாஸ் கட்டியபோதே அணையாகவும் சேர்த்துத்தான் கட்டினார். தூண்களுக்கு நடுவே மதகு உண்டு, அடைத்தால் மேற்குப் பக்கம் தண்ணீர் ஏறி நிற்கும், கிழக்குப் பக்கம் படித்துறையில் நுரைத்து இறங்கும். நான் போன வாரத்தில்தான் மேலே அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஊரே படியில் உட்கார்ந்திருந்தது. ஒரு பெண் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தொலைபேசியைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டி, அந்தப் பக்கம் யாருக்கோ சத்தத்தைக் கேட்க வைத்துக்கொண்டிருந்தாள். “கேட்கிறதா, கேட்கிறதா” என்கிற தோரணை, மொழி தெரியாமலே புரிந்தது. அப்புறம், மழை இல்லாததால் மட்டும் வறண்டது என்று யாரும் எழுதிவிடாதீர்கள். மேற்பகுதியில் விவசாயத்துக்கும் ஆலைகளுக்கும் எடுப்பது, யஸ்த் நகரம் வரை குழாயில் கொண்டுபோவது, எல்லாம் சேர்ந்துதான். 2021 நவம்பரில் விவசாயிகள் இந்தப் பாலத்தருகே வறண்ட ஆற்றிலேயே திரண்டு உட்கார்ந்தார்கள்.

கால்நடை
நான் ஒரே ஒரு ராத்திரிதான் பார்த்தேன். கரையில் இருக்கும் கல் சிங்கத்தின் பக்கத்தில் நின்று எதிர்க்கரைச் சிங்கத்தைப் பார்த்தால் அதன் கண் மின்னுவதாக ஊர்க்காரர்கள் சொல்வார்கள். எனக்கும் இரண்டு புள்ளி தெரிந்தது, உடம்பு சிலிர்த்துவிட்டது.
இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நேரே காஜூவில் போய் இறங்காதீர்கள். நாலு மணிக்கு அதே ஆற்றின் மேல் இருக்கும் இன்னொரு பாலமான சீ-ஓ-சே போலில் ஆரம்பியுங்கள். பேருக்கே முப்பத்து மூன்று என்றுதான் அர்த்தம், வளைவும் 33. ஏறத்தாழ 300 மீட்டர் நீளம், 1602இல் முடித்தது, முதலாம் ஷா அப்பாஸின் தளபதி அல்லாவெர்தி கான் பொறுப்பில். அங்கிருந்து கரையோரமாகக் கிழக்கே நடந்தால் நடுவில் சின்னதாக ஜூயி பாலம் வரும், அப்புறம் காஜூ. இருட்டுவதற்குள் வந்துவிட்டால் வளைவுகளுக்கு மேலே இருக்கும் ஓட்டுச் சித்திர வேலையை நன்றாகப் பார்க்கலாம். கால் வலிக்காதவர்கள் இன்னும் கிழக்கே ஷஹ்ரெஸ்தான் பாலம் வரை போகலாம், அதுதான் இருப்பதிலேயே பழையது. நம் வங்கி அட்டை அங்கே வேலை செய்யாது, ரொக்கம் வேண்டும். தண்ணீர் இருந்தால் படி வழுக்கும். பாடுகிறவர்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள், அவர்கள் தங்களுக்காகப் பாடுகிறார்கள்.

பழைய மெட்ராஸ்
நான் போனது தென்கரை ஜுல்ஃபாவுக்கு. முதலாம் ஷா அப்பாஸ் ஆர்மீனியர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய பேட்டை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் சொந்தப் பணத்தில் மர்மலாங் பாலம் கட்டினாரே கோஜா பெட்ரூஸ் உஸ்கான், அவர் இந்த ஜுல்ஃபா வம்சம்தான். பரங்கிமலைப் படிகளும் அவர் கைங்கரியமே. அந்தப் பழைய பாலம் இப்போது இல்லை, கல்வெட்டு மட்டும் ஓரமாக நிற்கிறது. அதைத் தாண்டித்தான் இருபது வருடம் வேலைக்குப் போனேன், ஒரு நாளும் நின்று படித்ததில்லை. சீ-ஓ-சே போலில் ஜுல்ஃபா பக்கம் பார்த்து நின்றபோது அந்தக் கல்தான் நினைவுக்கு வந்தது. ஊருக்குத் திரும்பிய மறுநாளே சைதாப்பேட்டை போய் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

ஆற்றோரன்
வைகைக்கரை, பாதி என்று சொல்லாதீர்கள். தண்ணீர் வந்தால் ஊரே வரும், சரி. இல்லாதபோதும் வந்து பாடுகிறாரே, அதைத்தான் நான் பார்த்தேன்.
கால்நடை, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பதிந்தேன், பதினைந்து விநாடி. பாட்டில் “ஆப்” என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது, தண்ணீர் என்று அந்த இளைஞன் சொன்னான். மற்றது எதுவும் பிடிபடவில்லை. பாரசீகம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.