ஊருக்குப் போக அக்காவிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

மார்த்தாள்27:
பெங்களூரில் வேலை பார்க்கிறேன். ஒன்றரை வருடமாக ஒரு ஜெபக்குழுவில் இருக்கிறேன். என்னைச் சீஷத்துவத்தில் (விசுவாச வாழ்க்கைக்கான பயிற்சியில்) நடத்துகிற அக்கா ரொம்ப அன்பானவர். டெங்கு வந்தபோது பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அதனால்தான் குழப்பமே. அடுத்த வாரம் சித்தி மகள் கல்யாணம், நாகர்கோவிலில். டிக்கெட் எடுத்துவிட்டுச் சொன்னேன். "கேட்காமலே எடுத்தாயா? கவரிங் இல்லாமல் போகிறாய்" என்றார். கவரிங் என்றால், நமக்கு மேலே இருக்கும் ஆவிக்குரிய தலைவரின் பாதுகாப்பாம். சம்பளம், செலவு, யாரோடு பேசினேன் என்று ஞாயிறு இரவுதோறும் போனில் ஒப்பிக்க வேண்டும். அவரிடம் மட்டும் அழுது சொன்ன ஒரு விஷயம் மறுவாரமே வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பாக வந்தது. கேட்டால் முறுமுறுப்பு என்கிறார். நான் கலகக்காரியா?

பழைய லீடர்:
சிஸ்டர், உங்கள் அக்கா இடத்தில் நான் இருந்திருக்கிறேன். நோட்டு போட்டுப் பையன்களிடம் கணக்கு கேட்டவன். ஒருவனுக்கு வேறு வேலை கிடைத்தது. "ஜெபித்தேன், எனக்குச் சமாதானம் இல்லை" என்றேன், அந்த வேலையே வேண்டாமென்று விட்டுவிட்டான். என்ன வேலை, என்ன சம்பளம் என்றுகூட நான் விசாரிக்கவில்லை.

இந்தக் கவரிங் பேச்சு பழசு. 1970களில் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் ஐந்து போதகர்கள் சேர்ந்து, ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பனுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று போதித்தார்கள். வேலை, கல்யாணம் வரைக்கும் மேய்ப்பனைக் கேட்கும் நிலை வந்தது. 1975இல் பெரிய சர்ச்சை. ஐவரில் ஒருவரான டெரிக் பிரின்ஸ் (நம் வீட்டு அலமாரியில் புத்தகமாக இருக்கும் அதே டெரிக் பிரின்ஸ்தான்) 1983இல் விலகினார். ஆவியில் ஆரம்பித்து மாம்சத்தில் இறங்கிவிட்டோம், பவுல் தன் நிருபத்தில் கண்டித்த கலாத்தியர் செய்த தப்பு இது என்றார். ஐவரில் இன்னொருவரான பாப் மம்ஃபோர்ட் 1989இல் வெளிப்படையாகவே மன்னிப்புக் கேட்டார்.

அதற்காகக் கணக்குக் கேட்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். 1738இல், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளைப் பாருங்கள். உங்கள் குறைகளைச் சொல்லலாமா என்று சேர்க்கும் முன்பே சம்மதம் கேட்பார்கள். கூடினால் ஒருவர் முதலில் தன் நிலையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்பார். யாக்கோபு 5:16இல் இருப்பது 'ஒருவருக்கொருவர்' அறிக்கையிடுவது. உங்கள் அக்கா தன் வாரத்தை என்றைக்காவது உங்களிடம் சொன்னதுண்டா?

எஸ்தர் ஆன்ட்டி:
இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாருக்கும் அடங்கப் பிடிக்கவில்லை. எபிரெயர் 13:17 வாசி மகளே. நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்கு என்றுதானே இருக்கிறது?

பழைய லீடர்:
ஆன்ட்டி, அதே வசனம் அவர்களை ஆத்துமாவுக்காக விழித்திருக்கிறவர்கள் என்கிறது. ரயில் டிக்கெட்டுக்காக இல்லை. மந்தையை இறுமாப்பாய் ஆளாதே என்று 1 பேதுரு 5:3 சொல்வது மூப்பர்களுக்கு, அதாவது சபையை நடத்துகிறவர்களுக்கு. அதை எங்கள் லீடர்கள் கூட்டத்தில் ஒருநாளும் வாசித்ததில்லை.

மார்த்தாள்27:
நேற்று போனில், "அக்கா, உங்களுக்கு இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அதெல்லாம் நான் பாஸ்டரிடம் சொல்லிக்கொள்வேன்" என்றார். கல்யாணத்துக்குப் போகிறேன். வியாழன் இரவு ரயில்.