முகநூலில் இட்ட கதையும் மாஷ் அடிக்கோடிட்ட வரியும்

கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் படித்து, இப்போது பாலக்காட்டில் பகலெல்லாம் மலையாளத்தில் கோப்பு எழுதி, இரவில் தமிழில் கதை எழுதுகிறவள் நான். எங்கள் சித்தூர் வட்டாரத்திலிருந்து கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குத் தினமும் கள் வண்டிகள் புறப்படும். அப்படிக் கள் இறக்கும் ஒருவரைப் பற்றி நான்கு மாதம் உழைத்து ஒரு சிறுகதை எழுதினேன். முடித்த இரவே முழுக்கதையையும் முகநூலில் இட்டேன். பாராட்டுகள் குவிந்தன. மறுவாரம் ஓர் இதழுக்கு அனுப்பியபோது, கதை பிடித்திருந்தாலும் வேறெங்கும் வெளிவராத படைப்புகளையே ஏற்பதாகவும், முகநூலில் வந்தாலும் வெளிவந்ததாகவே கொள்வதாகவும் பதில் வந்தது. அந்த விதி இதழிலேயே அச்சாகியிருந்தது; நான்தான் படிக்கவில்லை.

வேலந்தாவளம் வழியாகக் கோவை செல்லும் பேருந்தில், எனக்குத் தமிழ் கற்பித்த ஓய்வுபெற்ற மாஷிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர், "கதைய உள்ள வை அம்மிணி. கதைக்காக நீ அலஞ்சத எழுது" என்றார். அடுத்த கதையை எழுதி வைத்துக்கொண்டு, தென்னையின் உச்சியில் அமர்ந்து பாளையை எலும்பால் மெல்லத் தட்டும் ஒலியைப் பற்றியும், ஓரிடத்தில் கூடுதலாகத் தட்டினால் பாளை கெட்டுவிடும் என்று அந்த மனிதர் சொன்னதைப் பற்றியும் சிறு குறிப்பொன்றை மட்டும் முகநூலில் இட்டேன். அதைப் படித்த ஒரு பதிப்பாளர், தொகுப்பாகக் கதைகள் இருக்கின்றனவா என்று கேட்டார்.

ஒப்பந்தம் இரண்டே பக்கம். கையெழுத்திடும் அவசரத்தில் இருந்த என்னிடமிருந்து அதை வாங்கி, "அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே" என்ற வரியின்கீழ் மாஷ் பென்சிலால் கோடிட்டார். "மலையாளத்துல வந்தா, அதுவும் அவங்களுக்கா?" என்று கேட்டார். எல்லையில் வாழும் எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. என் கதைகளின் அடுத்த வாசகர் பெரும்பாலும் மலையாளிதான். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ஆனால் எழுதிக் கையெழுத்திட்டால் எழுதியதே நிற்கும். ஆகவே தமிழ் அச்சு நூலுக்கு மட்டும், 3 ஆண்டுகளுக்கு மட்டும் என்று மாற்றித் தரும்படி தயங்கித் தயங்கிக் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து அவர்கள் சம்மதித்தார்கள். கேட்டால் புத்தகமே வராமல் போய்விடும் என்று அந்த நாட்களில் நான் பயந்தது முற்றிலும் வீண்.

---

ஆந்திர எல்லையிலுள்ள நகரியிலிருந்து எழுதுகிறேன். மேலே சகோதரி சொன்னதோடு மின்னூல் பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். என் தொடர்கதையை ஒரு கதைத் தளத்தில் வாரந்தோறும் எழுதி வந்தேன். பிறகு அதையே அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றி, மின்னூலை அங்கு மட்டுமே தரும் கேடிபி செலக்ட் என்ற அதன் திட்டத்திலும் சேர்த்தேன். அதில் சேர்ந்த நூலின் மின்வடிவம் 90 நாட்களுக்கு வேறெங்கும், இலவசமாகக்கூட இருக்கக்கூடாது என்பதைச் சேர்ந்த பிறகுதான் படித்தேன். அன்றிரவே தளத்திலிருந்த 22 அத்தியாயங்களையும் நீக்கினேன். நூற்பாலை வேலை முடிந்து வந்து வாரந்தோறும் படித்த ஓர் அக்கா, கதை பாதியில் நின்றுவிட்டதே என்று கேட்டு எழுதியிருந்தார். அந்தத் திட்டம் 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், அந்தத் தெரிவை நீக்கிவிட்டு, மீதி அத்தியாயங்களை எப்போது மீண்டும் இடுவேன் என்று தேதி குறித்து அவருக்குப் பதில் அனுப்பினேன்.