சனிக்கிழமை ட்ரவுட்: குடும்பக் குழுவில்

தினேஷ்: ஏரியில ரெயின்போ ட்ரவுட் (குளிர்தண்ணி மீன்) விட்டாச்சாம். தூண்டில் போட சனிக்கிழமை விடியக்காலை 5 மணிக்கே கிளம்பிடலாமா சித்தப்பா?

சித்தப்பா: எதுக்குடா? இப்பதான் குளிர் விட்டிருக்கு. தண்ணி 8, 9 டிகிரி இருந்தாலே அதிகம், ராத்திரியில மேல்தண்ணி இன்னும் ஆறிடும். வெயில் ஏறினப்புறம்தான் மீன் இரைக்கு அலையும். 11 மணியில இருந்து 4 மணி வரைக்கும் போதும். விடியக்காலை கணக்கெல்லாம் கோடைக்கு.

ரேவதி அக்கா: தெர்மாமீட்டர் ஒண்ணு எடுத்துக்கோ. 10ல இருந்து 16 டிகிரி வரைக்கும் ட்ரவுட் நல்லா தின்னும். 20 தாண்டினா திணறும், பிடிச்சு விட்டாலும் பிழைக்கிறது கஷ்டம்.

அன்பு மாமா: 🎤 குரல் செய்தி 4:12

ரேவதி அக்கா: மாமா, ப்ளீஸ், எழுதுங்க 🙏

அன்பு மாமா: சரி சரி. எங்க நிக்கணும்னு சொன்னேன். புதுசா விட்ட மீன் முதல் சில நாள் விட்ட இடத்துப் பக்கத்துலயே கூட்டமா சுத்தும், பெரும்பாலும் ஆழம் கம்மியா. அப்புறம்தான் சிதறும். சிதறிட்டா, வெயில் நேரா விழுற, அடியில கறுப்புச் சேறு இருக்கிற ஆழமில்லாத கரையைப் பாரு. அங்கதான் தண்ணி முதல்ல சூடாகும். காத்து ரொம்ப நேரமா ஒரே பக்கம் அடிச்சா சூடான மேல்தண்ணி எதிர்க்கரையில போய் ஒதுங்கும். காத்து முகத்துல அடிக்குதேன்னு அந்தக் கரையை விட்டுடாதே.

தினேஷ்: கடலுக்குப் போடுற தூண்டில் ராடு இருக்கு, 20 பவுண்டு இழுவை தாங்குற தூண்டில் நரம்பு. போதுமா?

சித்தப்பா: அது வீட்டிலயே இருக்கட்டும். 4 பவுண்டு நரம்பு, மிஞ்சினா 6. தண்ணி தெளிவா இருக்கிறப்ப தடிச்ச நரம்பு மீன் கண்ணுல படும். 3 கிராம் ஸ்பின்னரை (சுத்துற தகடு வெச்ச போலி இரை) அதுல வீசினா பத்தடி தாண்டாது.

சித்தப்பா: இரை போடுறதுக்குக் கட்டுற முறை: நரம்புல முதல்ல நடுவுல ஓட்டை இருக்கிற 7 கிராம் ஈயம், அடுத்து ஒரு பிளாஸ்டிக் மணி, அப்புறம் ஸ்விவல் (ரெண்டு பக்கமும் தனித்தனியா சுத்துற சின்ன இணைப்பு வளையம்). மணி எதுக்குன்னா ஈயம் முடிச்சுல மோதி அறுக்காம இருக்க. ஸ்விவலோட அந்தப் பக்கம் 4 பவுண்டு நரம்பு 45 செ.மீ., நுனியில 12ஆம் நம்பர் ஒத்தைத் தூண்டில் முள். மீன் இழுத்தா நரம்பு ஈயத்துக்குள்ள ஓடும், பாரம் தெரியாது. போட்டதும் டிராக்கை (மீன் இழுத்தா ரீல் நரம்பை எவ்வளவு இறுக்கமா விடணும்ங்கிற திருகு) நல்லா தளர்த்தி வை, இல்லன்னா ஓட்டை ஈயம் போட்டும் பிரயோஜனமில்ல.

தினேஷ்: இரை மண்புழுவா, மாவா?

சித்தப்பா: இந்தக் கட்டுக்கு மிதக்குற மாவு. முள் மறையுற அளவுக்கு உருட்டு. வீசுறதுக்கு முன்னாடி காலடித் தண்ணியில விட்டுப் பாரு, முள்ளோட மேல எழும்பணும். மூழ்கினா மாவு பத்தலை, இல்ல முள் பெருசு. அந்த 45 செ.மீ.தான் அடியில இருந்து இரை நிக்கிற உயரம். பாசி அதுக்கு மேல வளர்ந்திருந்தா இரை உள்ளயே புதைஞ்சுடும், 75 வரைக்கும் நீட்டு. நாள் முழுக்க கடியே இல்லைன்னு புலம்புறவங்கள்ல நிறைய பேருக்குக் காரணம் இதுதான்.

ரேவதி அக்கா: மண்புழு மூழ்கும். அதுக்குத் தக்கை (மிதவை) கட்டு, முள்ளு 1 மீட்டர்ல இருந்து ஒன்றரை மீட்டர் ஆழத்துல தொங்கட்டும். முழுப் புழு வேண்டாம், பாதி போதும். இல்லன்னா வாலை மட்டும் கடிச்சுட்டுப் போயிடும்.

அன்பு மாமா: உட்கார்ந்து காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லப்பா. 2, 3 கிராம் ஸ்பின்னர் போடு. விழுந்ததும் மூழ்கவிட்டு மூணு எண்ணு, பிளேடு சுத்துற அளவுக்கு மட்டும் மெதுவா இழு. கடி இல்லன்னா அடுத்த தடவை ஆறு எண்ணு. குளிர்தண்ணியில வேகமா இழுத்தா மீன் பின்னாலயே வந்து திரும்பிடும். ஸ்விவல் இல்லாம கட்டாதே, நரம்பு முறுக்கிக்கும்.

ரேவதி அக்கா: மீனைத் திரும்ப விடுறதா இருந்தா மாமா சொல்றதுதான் சரி, முள்ளு நுனிக்குப் பக்கத்துல பின்பக்கமா நீட்டிக்கிட்டிருக்கிற குட்டி எதிர்முள்ளை நசுக்கிட்டுப் போடு. இரைன்னா மீன் விழுங்கிடும். விழுங்கிட்டா பிடுங்காதே, முள்ளுக்குக் கிட்ட நரம்பை வெட்டி விடு. கையை நனைச்சுட்டுத்தான் மீனைத் தொடணும். சில ஏரியில இரையே போடக்கூடாது, எத்தனை எடுக்கலாம்ங்கிறதும் மாறும். போனதும் ஏரிக்கரை அறிவிப்புப் பலகையைப் படி.

தினேஷ்: எடுத்துட்டு வர்ற மீனை வாளியில உயிரோட வைக்கலாமா?

சித்தப்பா: வேண்டாம். வாளித் தண்ணி சூடாகி மூச்சு முட்டிச் சாகும், சதையும் குழைஞ்சுடும். பிடிச்ச உடனே தலையில தட்டிக் கொன்னு, செவுளை அறுத்து ரத்தத்தை வடி, ஐஸ்ல வை.

அன்பு மாமா: படகுல போனா லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டே உட்காரு, சீட்டுக்கு அடியில கிடந்து பிரயோஜனமில்ல. 10 டிகிரி தண்ணியில விழுந்தா முதல் நிமிஷம் மூச்சு இரைச்சுத் தண்ணியைக் குடிச்சுடுவோம், நீச்சல் தெரிஞ்சவனும் அப்படித்தான்.

தினேஷ்: 👍 டிராக் எவ்வளவு இறுக்கணும்? போன தடவையே கேக்கணும்னு இருந்தேன்

சித்தப்பா: நரம்போட பலத்துல கால் பங்குக்கும் மூணுல ஒரு பங்குக்கும் நடுவுல. 4 பவுண்டுன்னா சுமார் அரை கிலோ. தொங்குதராசுல நரம்பைக் கட்டி இழுத்து வீட்டிலயே பார்த்துக்கோ. மீன் மாட்டினதும் அந்த அளவுக்குத் திருகு. முடிச்சுக்கு அஞ்சு சுத்து, எச்சில் தொட்டு இறுக்கு. காய்ஞ்சபடி இழுத்தா உரசிச் சூடாகி அந்த இடத்துலயே அறும்.

தினேஷ்: புது நரம்பு வாங்கிட்டேன். ரீலோட ஸ்பூல் (நரம்பு சுத்துற உருளை) நிறைய சுத்திடவா?

சித்தப்பா: விளிம்புக்கு 2 மி.மீ. கீழ நிறுத்து. அதுக்கு மேல போனா வீசுறப்ப கொத்தா அவிழ்ந்து சிக்கும், ரொம்பக் குறைஞ்சா தூரம் போகாது.