மறு: ஃபெண்டருக்குச் ‘சேறுகாப்பு’ போதுமா? பாப்-அப் ஹெட்லைட்டுக்கு என்ன சொல்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். கேள்வி இது:

> பழைய போர்ஷே 911 காரின் முன் ஃபெண்டரை (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை) வெட்டித் தட்டையாக்கி, ஹெட்லைட்டை பாப்-அப் வகையாக (வேண்டும்போது மேலே எழும்பி, மற்ற நேரம் உள்ளே மறைந்திருப்பதாக) மாற்றுவது பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஃபெண்டருக்குச் ‘சேறுகாப்பு’ என்றும், ஹெட்லைட் கன்வெர்ஷனுக்கு ‘முகப்பு விளக்கு மாற்றம்’ என்றும் வைத்திருக்கிறேன். சரியா?

‘முகப்பு விளக்கு மாற்றம்’ என்று போட்டால், பியூஸ் போன பல்பைக் கழற்றி மாட்டுகிறீர்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சேறுகாப்பு.

சைக்கிளுக்கும் புல்லட்டுக்கும் அந்தச் சொல் பொருந்தும். சக்கரத்துக்கு மேலே வளைந்த தகடு, சேறு தெறிக்காமல் தடுக்கும், வேறு வேலை இல்லை. 911 அப்படியில்லை. 1963இல் அந்தக் கார் முதலில் காட்சிக்கு வந்தபோதே முன் ஃபெண்டர் இரண்டும் பானெட்டைவிட உயரமாக, இரண்டு குழாயைப் படுக்க வைத்த மாதிரி இருந்தன. குழாயின் வாயில் விளக்கு. ஓட்டுகிறவர் கண்ணாடி வழியாகப் பார்த்தால் முதலில் தெரிவது அந்த இரண்டு மேடுகள். அதைச் சேறுகாப்பு என்பது, திண்ணையை நாய் ஏறாமலிருக்கக் கட்டியது என்று சொல்வது போல.

மற்ற மொழிகளிலும் இதற்கு ஒரே வழக்கு இல்லை. அமெரிக்கர் ஃபெண்டர் என்பதை பிரிட்டிஷார் விங் என்கிறார்கள். ஜெர்மனியில் கோட்ஃப்லூகல், அதாவது சேற்றுச் சிறகு. பிரெஞ்சில் ‘எல்’, வெறும் சிறகு. பறவைக்கும் விமானத்துக்கும் அதே சொல்தான். பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கிய என் பெரியப்பா, ஸ்கூட்டர்காரன் வந்து இடித்துவிட்டுப் போன அன்று, “எல்லுல கோடு போட்டுட்டான்டா” என்று நாள் முழுக்கப் புலம்பினார். பழந்தமிழில் ‘எல்’ என்றால் ஒளி. 911இன் ‘எல்’லுக்குள் எல் இருக்கிறது. இதைச் சொல்லாக்கத்துக்கு யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், சும்மா ஒரு ரசனைக்குச் சொன்னேன்.

சொல்லை யோசிப்பதற்கு முன்னால் பட்டறைக்குப் போய்க் கேட்போம் என்று, முதலியார்பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த டிங்கர் மேஸ்திரியிடம் போனேன். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் மேல் வேப்பங்கிளை விழுந்தது. அதன் முன்பக்கத்தைத் தட்டி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். ஹெரால்டு தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: பானெட்டும் இரண்டு மட்கார்டும் தனித்தனி இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே மூடியாக முன்பக்கம் கீல் வைத்துத் திறக்கும். “மட்கார்டை மட்டும் கழட்டி வேலை பாக்க முடியாது சார், மொத்தத்தையும் தூக்கணும்” என்று அன்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. அதே சேஸிஸ் (அடிச்சட்டம்) வழியில் பிறந்ததுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். அதிலும் இதே ஒற்றை மூடி.

செல்போனில் 911 படத்தைக் காட்டி, “மேஸ்திரி, இது என்ன?” என்றேன்.

“மட்கார்டு.”

“அம்பாசிடர்ல இருக்கறதும் மட்கார்டுதானே?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இது வேற சார். கீழ சக்கரத்துக்கு மேல இருக்கறது மட்கார்டு. மேல திமிறிக்கிட்டு நிக்குது பாருங்க, இது தோளு.” தன் வலது தோளைத் தட்டிக் காட்டினார்.

எனக்கு அதுவே போதும். ஃபெண்டர் என்ற தகட்டுக்குத் தோள், விளக்கமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் தோள்தகடு. பின்பக்கத்துக்குத் தனிச்சொல் வேண்டும், ஏனென்றால் 911இல் முன்தோள் போல்ட்டில் நிற்பது. கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். பின்பக்கத் தகடு காரின் கூட்டோடு வெல்டு ஆனது. அதை அகலப்படுத்த அறுத்துத்தான் ஆகவேண்டும். பின்பக்கத்தை மேஸ்திரி ‘தொடை’ என்றார். முன்தோள், பின்தொடை. குதிரைக்குச் சொல்வது போலவே இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்தது ஃபெண்டர் ஃப்ளேர். அகலமான டயர் போட்டால் அது தோளுக்கு வெளியே துருத்தும். அதை மூடத் தகட்டின் விளிம்பை வெளிப்பக்கம் இழுத்து வளைப்பார்கள். 1975இல் வந்த 911 டர்போவில் இது தொழிற்சாலையிலேயே அகலமாக வந்தது. 1971இல் ஜப்பானில் விற்ற நிசான் ஃபேர்லேடி 240ஜெட்ஜி காரில் தனித் துண்டாகச் செய்து மேலே பொருத்தினார்கள். மேஸ்திரி இதற்குச் சொன்ன சொல் ‘இறவாணம்’. கூரையின் நீட்டல்தான், அழகான சொல். ஆனால் இறவாணம் நேராகச் சரிந்து இறங்குவது. ஃப்ளேர் வளைந்து வெளியே வந்து முனையில் மடிவது. கோயில் சுவரின் மேல் கல்லை வளைத்துத் தொங்கவிட்டிருப்பார்களே, ஆவுடையார்கோயிலில் காகிதம் போல இழைத்திருப்பார்களே, அந்தக் கொடுங்கைதான் இது. இந்த ஒரு சொல்லில் மட்டும் மேஸ்திரியிடமிருந்து விலகுகிறேன்.

இந்த வேலை எப்படி நடக்கும் என்று கேட்டேன். சாக்பீஸால் வளைவு வரைவார். அதையொட்டி அறுப்பார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு என்பதால் வெல்டிங்கை ஒரே இழுப்பில் ஓட்டினால் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இங்கொரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று வைத்து, ஆறவிட்டு நடுவை நிரப்ப வேண்டும். அப்புறமும் ஓரிடத்தில் தகடு இழுபட்டு, விரலால் அழுத்தினால் ‘டொக்’ என்று உள்ளே போய் வெளியே வரும். அந்த இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, உள்பக்கம் டாலி என்ற இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துச் சுத்தியால் தட்டி, ஈரச் சாக்கை வைத்து ஒற்றினால் தகடு சுருங்கும். கடைசியில்தான் மேடுபள்ளத்தை நிரப்பும் பட்டி. “பட்டிய வச்சே தோளு செய்யறவன் இருக்கான் சார், ரெண்டு மழைக்காலம் தாங்காது.” நம் கடற்கரை உப்புக்காற்றில் ஒன்றே தாங்காது. பட்டி வருவதற்கு முன் மேல்நாட்டில் ஈயம்தான் நிரப்பினார்கள். முதலில் தகட்டுக்கு வெள்ளீயம் பூசி, அதன்மேல் ஈயக்கலவையை உருக்கி மரக்கட்டையால் தடவி உருவம் கொடுப்பது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்களைப் பார்த்த தலைமுறைக்கு இது புதிதல்ல. ‘ஈயப்பட்டி’ என்றாலே புரியும். ஃபில்லருக்கு ‘நிரப்பி’ வேண்டாம், பட்டி ஏற்கெனவே தமிழாகிவிட்டது.

இப்போது விளக்கு. 1976இல் பந்தயத்துக்கு வந்த போர்ஷே 935இல், தோளின் வடிவத்தை விதி கட்டுப்படுத்தவில்லை என்பதால் பொறியாளர்கள் அந்தக் குழாய்களையே தட்டையாக்கி, விளக்கைக் கீழே பம்பர் பக்கம் இறக்கினார்கள். பிறகு சாலைக் காருக்கும் அதே முகம் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் உண்டு. அவர்களுக்காகத் தட்டையான தோளுக்குள் பாப்-அப் விளக்கு வந்தது. ஆங்கிலத்தில் அந்த முகத்தை ‘சாய்ந்த மூக்கு’ என்பார்கள். நமக்குச் சப்பைமூக்கு இருக்கிறது. 935 படத்தைப் பார்த்து மேஸ்திரி, “கண்ணப் புடுங்கிக் கன்னத்துல நட்ட மாதிரி இருக்கு” என்றார்.

நட்டது! நாற்றங்காலில் பிடுங்கி வயலில் நடுவதுதானே இந்த வேலையும். ‘விளக்கு நடவு’ என்று போட ஆசைதான், சிரிப்பார்கள். ஆகவே விளக்குப் பெயர்ப்பு. ஓரிடத்தில் பெயர்த்து எடுத்ததையும் வேறிடம் கொண்டுபோனதையும் ஒரே சொல் சொல்லிவிடும்.

பாப்-அப்புக்கு ‘மறைமுகப்பு விளக்கு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேகமாகப் படித்தால் ‘மறைமுக’ என்று விழுகிறது. பொதுப்பெயராக மறைவிளக்கு போதும். 1936 மாடல் கார்டு 810 என்ற அமெரிக்கக் காரில் டாஷ்போர்டில் கைப்பிடியைச் சுற்றினால் விளக்கு வெளியே வரும். ஓபெல் ஜிடி காரில் நெம்புகோலைத் தள்ளினால் விளக்கு பக்கவாட்டில் புரளும். போர்ஷே 928இலும் லம்போர்கினி மியூராவிலும் மூடியே கிடையாது, விளக்கு வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். எல்லாம் மறைவிளக்கில் அடங்குமா என்றால், கடைசி இரண்டும் அடங்காது. போகட்டும். உங்கள் கட்டுரையில் உள்ளது மூடியோடு எழும்பும் வகை. அதற்கு இமைவிளக்கு.

இன்னொன்று. 2021இல் வந்த மத்திய விதிப்படி, ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிய, சேஸிஸ், பாடி ஷெல், எஞ்சின் இவற்றில் மாற்றம் இருக்கக்கூடாது. தமிழில் எழுதும்போது ‘பாடி’யும் ‘பாடி ஷெல்’லும் ஒன்றாகிவிடக் கூடாது. ஷெல்லுக்குக் கூடு என்று மேலே எழுதியது அதற்காகத்தான். நம்மூரில் கொடுங்கை வைக்க ஆசைப்படுகிறவர்கள் அறுக்கும் முன் இந்த விதியைப் படிப்பது நல்லது.

புதுச்சேரியிலிருந்து,
வணக்கத்துடன்.

* * *

அடுத்த நாள்:

> தோள், தொடை, மூக்கு, இமை... கலைச்சொல்லா, அங்க வர்ணனையா? இமைவிளக்கைவிட ‘எழுவிளக்கு’ நேரடியாக இருக்கிறதே.

சிதம்பரம் அம்மாவுக்கு வணக்கம். ஊசிக்குக் காது, கதவுக்குக் குடுமி, ஏருக்குக் கால் வைத்தவர்கள் நாம். உறுப்பின் பெயர் பட்டறையில் ஒருமுறை கேட்டாலே நிற்கிறது.

எழுவிளக்கு எனக்கும் பிடித்ததுதான். நேற்று அதைத்தான் முதலில் மேஸ்திரியிடம் சொன்னேன். “ஏழு விளக்கா? ஒரு பக்கத்துக்கா, ரெண்டு பக்கமும் சேத்தா?” என்று கேட்டார்.