காட்டுப் புல்லில் சைலேஜ்: தரம் உயர எங்கே கவனம் வேண்டும்?

ஓடையோரத்து நாணல், காட்டுச்சோளம், தரிசில் தானே முளைக்கும் புற்கள் ஆகியவற்றைச் சைலேஜாக்கி (நறுக்கி, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து) மாடுகளுக்குக் கொடுத்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மக்காச்சோளத்துக்குச் சொல்லப்படும் முறையை அப்படியே காட்டுப் புல்லுக்குக் கையாண்டால் நல்ல தீவனம் கிடைப்பது அரிது. தீவனத்தைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய சர்க்கரை மக்காச்சோளத்தில் தாராளமாக இருக்கிறது. காட்டுப் புல்லில் அது குறைவு. அமிலம் போதிய அளவு ஏறாவிட்டால் பியூட்ரிக் அமிலத்தின் முடைநாற்றம் எழுந்து, மாடு வாய் வைக்கவே மறுக்கும்.

அறுக்கும் பருவத்தைத்தான் முதலில் சொல்வேன். கதிர் தலைகாட்டும் முன் அறுத்த புல்லில் புரதமும் செரிமானத் தன்மையும் கூடுதல். விதை பிடித்த பின் லிக்னின் என்னும் செரிக்காத நார்ப்பொருள் ஏறிவிடுகிறது. முற்றிய புல்லை எத்தனை மாதம் மூடி வைத்தாலும் அது இளம்புல்லின் தரத்தை எட்டாது.

அடுத்தது ஈரம். அறுத்த புல்லை வாட்டி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். நறுக்கிய புல்லை ஒரு கைப்பிடி எடுத்து, அரை நிமிடம் இறுக்கிப் பிடித்து விரலைத் திறந்து பாருங்கள்: சாறு வழிந்தால் இன்னும் வாட வேண்டும், உருண்டை மெல்ல விரிந்தால் பதம் சரி, விட்டவுடன் சிதறினால் காய்ந்துவிட்டது என்று பொருள். நாணல் போன்ற தண்டுகள் உள்ளே குழலாக இருப்பதால், 2 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக நறுக்கினால் அதற்குள் காற்று தங்கி, பின்னர் தண்டைப் பிளந்து பார்க்கும்போது உட்சுவரில் வெண்பூஞ்சணம் படர்ந்திருக்கும். எனவே பொடியாக நறுக்கி, அடுக்கடுக்காக மிதித்து அழுத்துகிறோம்.

சர்க்கரைக் குறையை ஈடுகட்ட, 100 கிலோ புல்லுக்கு 3 அல்லது 4 கிலோ மொலாசஸை (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) சிறிது நீரில் கரைத்து ஒவ்வொரு அடுக்கிலும் தெளிக்கிறேன். புரதத்துக்காக யூரியா சேர்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. சர்க்கரை குறைந்த காட்டுப் புல்லில் அது அம்மோனியாவாக மாறி, அமிலம் ஏறுவதையே தடுப்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அவரைக் குடும்பக் கொடிகளையும் இலைதழைகளையும் நாலில் ஒரு பங்கு கலப்பது மேல். அவையும் அமிலத்தை எதிர்த்து நிற்கும் இயல்புடையவை என்பதால், அவற்றின் பங்கு கூடினால் மொலாசஸையும் கூட்ட வேண்டும்.

மற்றொரு உறுப்பினர்:

ஐயா, தாங்கள் எழுதியதோடு எங்கள் பண்ணையில் பலன் தந்த ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அதே காட்டுப் புல்லைச் சுமார் 200 கிராம் எடுத்து அரைத்து, ஒரு லிட்டர் நீரும் 20 கிராம் சர்க்கரையும் கலந்து, காற்றுப் புகாமல் மூடி, 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு நாள் வைத்தால், இலையின் மேல் இயல்பாக வாழும் லாக்டிக் நுண்ணுயிரிகள் அதில் பெருகிவிடுகின்றன. வடிகட்டிய அந்தச் சாற்றைப் புல்லின் எடையில் ஒரு சதவீதம் தெளிக்கிறோம். இதனால் நுண்ணுயிரிகள்தாம் கூடுமே தவிர, அவை உண்ணும் சர்க்கரை கூடாது என்பதால் மொலாசஸை நிறுத்துவதில்லை.

செடிகளைப் பிரித்தெடுப்பதில் சலிப்புக் காட்டக் கூடாது என்பதையும் வற்புறுத்திச் சொல்கிறேன். உண்ணிச்செடி, பார்த்தீனியம் போன்றவற்றின் நச்சு புளிப்பதால் நீங்கிவிடும் என்று நம்பிக் கலப்பது மாட்டின் உயிரோடு விளையாடுவதாகும். இளம் காட்டுச்சோளத்தின் சயனைடு சைலேஜில் ஓரளவு குறையும் என்றாலும், வறட்சியில் வாடி நின்ற பயிரை நாங்கள் தவிர்த்துவிடுகிறோம்.

முதலில் எழுதியவர்:

மிக்க நன்றி. மூடிவைத்த சைலேஜைப் பிரித்தபின் நிறம் மஞ்சள் கலந்த பச்சையாகவும், மணம் இதமான புளிப்பாகவும், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.2-ஐ ஒட்டியும் இருந்தால் நம்பிக்கையோடு கொடுக்கலாம். பூஞ்சணம் கண்ட பகுதியைக் கழித்துவிட்டு, முதல் வாரம் வழக்கமான தீவனத்தோடு சிறிது சிறிதாகக் கலந்தே பழக்குங்கள்.