விக்டோரியா ஜேசியா, வீட்டுப் பக்கத்து ஜேசியா? பேருக்கு எவ்வளவு மதிப்பு?

ஈசூன்_அம்மா:
வணக்கம். இங்க சிங்கப்பூர்ல பொண்ணுக்கு ஓ லெவல் ரிசல்ட் வந்துடுச்சு, எல்1ஆர்5 (ஆறு பாடக் கிரேடோட கூட்டல், கம்மியா இருந்தா நல்லது) 10 பாயிண்ட், உயர்தமிழுக்கு 2, சிசிஏக்கு (பாடத்துக்கு வெளிய உள்ள நடவடிக்கை) 2 கழிச்சா 6. விக்டோரியா ஜேசி (ஜூனியர் காலேஜ்) கிடைச்சாலும் கிடைக்கும், 12 சாய்ஸ்ல முதல்ல அதத்தான் போடணும்னு வீட்டுக்காரர் ஒரே பிடியா நிக்கறார். அவளுக்கு ஈசூன் இன்னோவா போதுமாம், புளோக் கீழ பஸ் ஏறினா பத்து நிமிஷம். விக்டோரியா மரீன் பரேட் பக்கம், ரயில் மாறிப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நான் பாலிடெக்னிக்ல படிச்சவ, எனக்கு ஜேசி பத்தி சரியாத் தெரியாது. ஞாயித்துக்கிழமை சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல சொந்தக்காரங்க ஒருத்தங்க எந்த ஜேசின்னு கேட்டாங்க, இவ ஈசூன்னதும் "இவ்ளோ நல்ல பாயிண்ட வச்சுக்கிட்டா?"ன்னாங்க. பிள்ளை கையில இருந்த புளியோதரையையே பாத்துக்கிட்டு நின்னா, வீடு வர்ற வரைக்கும் சாப்பிடல. அதுலருந்து எனக்கு மனசே சரியில்ல. நெஜமா எதெல்லாம் எலீட், அந்தப் பேரு எத்தன வருஷத்துக்கு உதவும்? அப்ளை பண்ண இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு.

மழைத்துளி92:
அக்கா, எலீட்னு எல்லாரும் சட்டுனு சொல்றது ராஃபிள்ஸ், ஹுவா சோங், அப்புறம் இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் டிப்ளமாவுக்காக ஏசிஎஸ் இண்டிபெண்டன்ட், அடுத்த வரிசைல விக்டோரியா, நேஷனல், நன்யாங். நான் அதுல ஒண்ணுல படிச்சவதான், எதுன்னு சொல்லல. அக்கம்பக்கப் பள்ளிலருந்து ஓ லெவல் எழுதிட்டுப் போனேன். அங்க நெறய பேரு ஐபி, அதாவது இன்டக்ரேட்டட் புரோகிராம்னு 2004ல கொண்டுவந்த ஆறு வருஷத் திட்டம், ஓ லெவலே எழுதாம நேரா மேல வந்தவங்க, நாலு வருஷமா ஒண்ணாவே இருந்தவங்க. முதல் வாரம் யாரு எச்3 (வழக்கமான எச்2 பாடத்துக்கும் மேல உள்ள பாடம்) எடுக்கறீங்கன்னு டீச்சர் கேட்டாங்க, என் மேசையச் சுத்தி எல்லாரும் கை தூக்கினாங்க, எனக்கு எச்3ன்னா என்னன்னே தெரியாது. ஆறு மாசம் கேண்டீன்ல தனியாத்தான் உக்காந்தேன். ஆனா ஸ்காலர்ஷிப் கட்டுரைய டீச்சர் நாலு தடவ திருத்திக் குடுத்தாங்க, சீனியருங்க இன்டர்வியூ எப்படி இருக்கும்னு கூப்பிட்டு உக்கார வச்சு சொன்னாங்க, அது எல்லா எடத்துலயும் கிடைக்குமான்னா எனக்கு சந்தேகம்தான். பேரவிட இதத்தான் நான் பெருசா நெனைக்கறேன்.

தஞ்சாவூர்_டு_தெம்பனிஸ்:
நான் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ். 1794ல ஆரம்பிச்சது, எங்க ஊர்ல அந்தப் பேரச் சொன்னா போதும். இங்க முதல் இன்டர்வியூல அத எப்படி எழுதறதுன்னு கேட்டாங்க. கடல் தாண்டினா பேரோட எடை அவ்ளோதான்னு அன்னிக்குப் புரிஞ்சுது. ஆனா பேருக்கு மதிப்பே இல்லன்னும் சொல்ல மாட்டேன், 2023 செப்டம்பர்லருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (வெளிநாட்டுக்காரங்களுக்கான வேலை அனுமதி) காம்பஸ்னு பாயிண்ட் முறை வந்துடுச்சு, பாஸாக 40 பாயிண்ட் வேணும், பட்டியல்ல இருக்கற முன்னணி யுனிவர்சிட்டி பட்டம்னா 20, மத்த பட்டம்னா 10. வெளிநாட்டுலருந்து வர்றவனுக்கு பேரு அந்த 10 பாயிண்ட் வித்தியாசம். உங்க பொண்ணுக்கு அந்தக் கணக்கே கிடையாது.

பொங்கோல்_பிசியோ:
அக்கா, உள்ளூர் யுனிவர்சிட்டில ஜேசி பேருக்கு மார்க் இல்ல. இப்ப மூணு எச்2 பாடமும் ஜிபியும் (ஜெனரல் பேப்பர்) சேத்து 70க்கு எவ்வளவுன்னுதான் பாக்கறாங்க, ஈசூன்ல எடுத்த ஏயும் ராஃபிள்ஸ்ல எடுத்த ஏயும் ஒண்ணுதான். மெடிசின், சட்டம் மாதிரி சில கோர்ஸுக்கு இன்டர்வியூவும் இருக்கும். அரசாங்க ஸ்காலர்ஷிப்னா, ஒரு காலத்துல பெரும்பாலும் ரெண்டு மூணு பள்ளிக்கே போச்சு, அத மறைக்க முடியாது, மழைத்துளி சொன்ன உதவி எல்லாம் அங்கதான் வேலை செய்யுது.
நான் எஸ்ஐடில (சிங்கப்பூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) படிச்சேன். 2009ல ஆரம்பிச்சது, 2014லதான் யுனிவர்சிட்டி ஆச்சு, அத யாரும் எலீட் லிஸ்ட்ல சேக்க மாட்டாங்க. ஆனா பிசியோதெரபி படிக்கணும்னா அங்கதானே போகணும்? இடுப்பு உடைஞ்ச பாட்டி கட்டில் ஓரத்துல உக்காந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு முதல் அடி வைக்கும்போது எங்க படிச்சேன்னு கேக்க மாட்டாங்க, விட்டுடாதேன்னுதான் சொல்வாங்க. உங்க பொண்ணு என்னவா ஆகணும்னு சொல்றா, அத நீங்க எழுதவே இல்லையே?

ஈசூன்_அம்மா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். இப்பதான் அவள உக்கார வச்சுக் கேட்டேன், கேக்காம விட்டது என் தப்புதான். தமிழ் டீச்சர் ஆகணுமாம். உமறுப் புலவர் மையத்துல உயர்தமிழ் சொல்லிக்குடுத்த டீச்சர் மாதிரியாம். அப்படின்னா எச்2ல தமிழ் மொழியும் இலக்கியமும் எடுத்தா நல்லது, அது எல்லா ஜேசிலயும் இல்லன்னு சொல்றா. நாளைக்கு ரெண்டு ஜேசிக்கும் போன் போட்டு அதத்தான் முதல்ல கேக்கப் போறேன். யாராவது எச்2 தமிழ் எடுத்திருந்தா வகுப்பு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்களேன், ராத்திரி வீட்டுக்காரரும் கூட உக்காந்து படிப்பார்.