பச்சை நுரைக்கட்டி இல்லாமல் பீட அலங்காரம் செய்பவர்கள் உண்டா?

எங்கள் பங்குக் கோயிலில் பீடப் பூக்களைக் குப்பைக்கு அனுப்பாமல் உரமாக்க ஆரம்பித்து நாலு மாதம். போன வாரம் தொட்டியைக் கிளறினால் பூவெல்லாம் மட்கிவிட்டது. பூச்செருகும் பச்சை நுரைக்கட்டி மட்டும் கடுகு கடுகாக உதிர்ந்து உரம் முழுக்கக் கலந்து கிடக்கிறது. அது ஒருவகை பிளாஸ்டிக், மட்காது, பொடிப்பொடியாக உடையத்தான் செய்யும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த உரத்தைச் செடிக்குப் போட மனசு வரவில்லை.

நுரைக்கட்டியை நிறுத்தியாச்சு. இப்போது அலங்காரம் நிற்க மாட்டேன் என்கிறது. கோழிவலையைச் சுருட்டி ஜாடிக்குள் வைத்தோம்: குட்டைத் தண்டு நிற்கிறது, நெட்டை சாய்கிறது. ஈர மணலில் செருகினோம்: ஜாடியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், தண்டும் சீக்கிரம் அழுகுகிறது. முள்தட்டில் (தண்டைக் குத்தி நிறுத்தும் ஊசிமுள் தட்டு) குத்திய கிளாடியோலஸ் பூத்தண்டு ஞாயிறு இரண்டாம் பூசையில், சரியாக மறையுரை நடுவே, மெதுவாகக் குனிந்து வணக்கம் வைத்தது. பாடகர் குழு இன்னும் சிரிக்கிறது.

பித்தளை ஜாடி, வாய் 20 செ.மீ., ஆழம் 30 செ.மீ. தண்டு 80 செ.மீ. வரை. செப்டம்பர் 1-இல் படைப்பின் காலம் (இயற்கையைப் பேணத் திருச்சபை செபிக்கும் காலம்) தொடங்குமுன் சரிசெய்தாக வேண்டும்.

இவ்வளவு உயரத் தண்டை ஒரு வாரம் நிமிர்த்தி வைக்க நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?